கட்டையும் கரியும் இரும்பும்: புகையிரதக் களஞ்சியத்தின் பழைய வழக்குகள்

மன்னார்ப் பெருநிலத்திலே அடம்பன் என்றோர் ஊர் உண்டு. கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி வாழும் வயல்களின் நடுவே அமைந்த ஊர் அது. அதற்கு அணித்தே, முருங்கனையும் திருக்கேதீச்சரத்தையும் தொட்டுக்கொண்டு தலைமன்னார் நோக்கிச் செல்கிறது புகையிரதப் பாதை. மறுபுறம் திரும்பினால் வன்னிக் காடு. பாலையும் முதிரையும் வீரையும் நெருங்கி வளரும் காடு. பாலைப் பழம் பழுக்கும் காலத்தில் அதன் தித்திப்பை அறியாத மன்னார்ப் பிள்ளை இல்லை. ஆனால் அப்பாலை மரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நீரிலிட்டால் மிதவாது அமிழும் அத்துணைக் கனமும், கறையான் எளிதில் தீண்டாத உறுதியும் வாய்ந்தது அதன் வைரம். ஆகவே தண்டவாளத்தின் கீழே குறுக்காக இடும் சிலிப்பர்க் கட்டைக்கு அதனினும் ஏற்ற மரம் இந்நாட்டில் அரிது என்று புகையிரதப் பொறியியலாளர்கள் கண்டனர்.

அன்பார்ந்த நேயர்களே, பாதையும் இங்கே இருக்கிறது. பாதைக்கு வேண்டிய மரமும் இங்கே இருக்கிறது. அப்படியாயின் கட்டையை எங்கே வாங்குவது என்பதில் வழக்கு எழ இடமேது என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்நியர் ஆட்சிக் காலத்தில் புகையிரதத்துக்கு வேண்டிய கட்டை, கரி, இரும்பு ஆகிய மூன்றையும் யார் வாங்குவது, எங்கே வாங்குவது, யாரிடம் வாங்குவது என்பது பற்றி இலங்கையிலும் இந்தியாவிலும் நெடுங்காலம் பிணக்குகள் நிகழ்ந்தன. பணம் கொடுத்தவன் ஓரிடத்தில் இருந்தான். பொருளைத் தெரிந்தெடுத்தவன் இன்னோரிடத்தில் இருந்தான். அப்பொருளோடு மல்லாடிய பட்டறைத் தொழிலாளி மூன்றாவது இடத்தில் இருந்தான். இம்மூவரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. பிணக்கின் வேர் அங்கேதான் கிடந்தது என்பது என் எண்ணம்.

கதையைக் கொழும்பிலிருந்து தொடங்குவோம். கண்டிச் சீமையின் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர மாட்டு வண்டிகள் போதாமற் போயின. 1845 ஆம் ஆண்டில் இலண்டனிலே இலங்கைப் புகையிரதக் கொம்பனி ஒன்று உருவாயிற்று. பேச்சு நடந்ததேயன்றி ஆண்டுகள் பல வேலையின்றியே கழிந்தன. பின்னர் அரசாங்கம் அக்கொம்பனியோடு உடன்படிக்கை செய்து, போட்ட முதலுக்கு வட்டி தருவதாக உத்தரவாதமும் கொடுத்தது. 1857 இல் கப்டன் மூர்சம் என்பார் பாதையைப் பார்வையிட்டு, ஏறத்தாழ எட்டரை இலட்சம் பவுண் செலவாகும் என மதிப்பிட்டார். 1858 ஆகத்து 3 ஆந் தேதி தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடக்கி வைத்தார். ஆனால் கொம்பனியின் பொறியியலாளர் டொயின் என்பவர் மீண்டும் கணக்குப் பார்த்தபோது தொகை இருபத்திரண்டு இலட்சம் பவுணையும் தாண்டி நின்றது!

எட்டரை இலட்சம் எங்கே, இருபத்திரண்டு இலட்சம் எங்கே? நாட்டிலே பெருங் கூக்குரல் எழுந்தது. செலவு எவ்வளவு ஏறினாலும் வட்டி கிடைக்கும் என்ற உறுதி பெற்ற கொம்பனிக்குச் சிக்கனம் செய்ய என்ன அவசியம்? மலைநாட்டுத் தோட்டக்காரரும் கொழும்பு வியாபாரிகளும் இவ்வினாவை எழுப்பினர். ஏனெனில் கோப்பி ஏற்றுமதித் தீர்வையாக அவர்கள் பையிலிருந்தே இச்செலவு வரவேண்டியிருந்தது. ஈற்றில் 1861 ஆம் ஆண்டில் உடன்படிக்கை முறிந்தது. அரசாங்கமே புகையிரதத்தைப் பொறுப்பேற்றது. கில்போர்ட் மோல்ஸ்வர்த் தலைமைப் பொறியியலாளரானார். கட்டும் வேலை வில்லியம் பிரெடெரிக் பேவியல் என்ற கொந்தராத்துக்காரரிடம் சென்றது. அவர் இருபத்திரண்டு இலட்சம் கேட்கவில்லை. மூர்சம் சொன்ன தொகையை ஒட்டியே ஒப்பந்தம் அமைந்தது. 1865 இல் அம்பேபுசை வரையும், 1867 இல் கண்டி வரையும் வண்டி ஓடிற்று.

இந்தப் பேவியல் யார் என்பதையும் சற்றுப் பார்க்க வேண்டும். இந்தியாவின் முதற் பயணிப் புகையிரதம் 1853 இல் பம்பாயிலிருந்து தாணாவுக்குச் சென்றதல்லவா? அப்பாதையை அமைத்த கொந்தராத்துக்காரருள் ஒருவர் இவர். பின்னர் போர்க் கணவாய் ஏற்றத்தை அமைக்கும் வேலையையும் எடுத்தார். அங்கே 1859 சனவரியில் கூலியாட்கள் கூலிப் பிரச்சினையால் கொதித்தெழுந்து கலகம் செய்தனர். அவ்வாண்டிலேயே அவர் அவ்வேலையைக் கைவிட்டார். அடுத்து அதை எடுத்த சாலமன் டிரெட்வெல் இந்தியா வந்து சில நாட்களிலேயே மாண்டார். அவர் மனைவி ஆலிஸ் டிரெட்வெல் முன்னின்று வேலையை நிறைவேற்றுவித்தார். பம்பாயில் கலகம் கண்ட மனிதர் இலங்கையிலே குறித்த தொகைக்குள் வேலையை முடித்தார் என்பது வியப்புத்தான். மனிதர் திருந்தினாரா, மேற்பார்வை இறுகிற்றா? இரண்டாவதே உண்மைக்கு அணித்தது என்று நான் கருதுகிறேன். இலங்கையில் வட்டி உத்தரவாதம் என்ற மெத்தை இல்லை.

இந்தியாவில் அம்மெத்தை நெடுநாள் இருந்தது. நூற்றுக்கு ஐந்து வீதம் வட்டி உறுதி. இந்திய அரசாங்கத்தின் நிதி உறுப்பினராயிருந்த வில்லியம் மாசி, 1872 இல் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது, வட்டி வருகிறவரையில் பங்குதாரருக்குத் தம் பணம் ஹூக்ளி ஆற்றிலே கொட்டப்பட்டாலும் ஒன்றுதான், செங்கல்லும் சாந்துமாய் மாறினாலும் ஒன்றுதான் என்ற கருத்துப்படக் கூறினார். ஆட்சிப் பீடத்தில் இருந்த ஒருவரே இப்படிச் சொன்னார் என்பது கவனிக்கத்தக்கது.

இனிக் கட்டைக்கு வருவோம்.

ஒரு மைல் பாதைக்கு ஏறத்தாழ 2000 கட்டைகள் வேண்டும். மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை அறுபத்தைந்து மைலுக்குச் சற்று மேல். ஆகவே இவ்வொரு கிளைப்பாதைக்கே இலட்சத்து முப்பதினாயிரம் கட்டைகள் என்று கணக்கிடலாம். அவையும் ஒருமுறை இட்டால் என்றைக்கும் நிற்பனவல்ல. வெயிலும் மழையும் கறையானும் தின்றுவிட, சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்ற வேண்டும். சென்னை மாகாணத்தின் முதற் காட்டதிகாரியாக 1856 இல் நியமனம் பெற்ற வைத்தியர் ஹியூ கிளெக்ஹோர்ன், அம்மாகாணத்துப் புகையிரதத்துக்கு மாத்திரம் ஆண்டுதோறும் இரண்டரை இலட்சம் கட்டைகள், அதாவது முப்பத்தையாயிரம் மரங்கள் தேவை என மதிப்பிட்டார். வட ஆர்க்காட்டு மலைகள் மொட்டையாகி வருவதைக் கண்டு அவர் கவலை கொண்டார். சென்னை இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் முதல் வண்டி புறப்பட்டதும் அதே 1856 இல் தான் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். வண்டி புறப்பட்ட ஆண்டும் காட்டைக் காக்க அதிகாரி வந்த ஆண்டும் ஒன்றே.

கட்டைக் கொந்தராத்து நடந்த விதம் இது. புகையிரதப் பகுதி இத்தனை கட்டை, இன்ன நீளம், இன்ன அகலம், இன்ன கனம் என அறிவிக்கும். கொந்தராத்துக்காரன் காட்டிலே ஆட்களை விட்டு வெட்டுவிப்பான். அகலப் பாதைக்கு ஒன்பதடி நீளமும் பத்தங்குல அகலமும் ஐந்தங்குலக் கனமும் வேண்டும். வெட்டிய கட்டைகளைப் பாதையோரத்தில் அடுக்கி வைத்தால், அதிகாரி வந்து ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்ப்பார். நல்லதென்று கண்டதில் சுத்தியலால் முத்திரை அடிப்பார். வெளிமரம், அதாவது வைரம் ஏறாத வெண்மரம், இருந்தால் தள்ளுவார். வெடிப்பு இருந்தால் தள்ளுவார். ஓரங்குலம் குறைந்தாலும் தள்ளுவார். தள்ளிய கட்டைக்குக் காசு இல்லை. ஆனால் மரத்தை வெட்டிய கூலியும், வண்டிக்காரனுக்கு வாடகையும் ஏற்கெனவே செலவாகியிருக்கும். அந்நட்டம் கொந்தராத்துக்காரனோடு நிற்குமா? கீழே இறங்கிக் கோடரி பிடித்தவன் வரை சென்றுவிடும். மறுபுறம், பச்சை மரத்தை உலராமலே வெட்டிக் கொடுத்து, முத்திரை அடிக்கும் கையை இனிதாக்கிக்கொண்ட கொந்தராத்துக்காரரும் இருந்திருப்பர். எல்லாப் பழியையும் அதிகாரியின் சுத்தியல் மேலே போட்டுவிடுவதும் நியாயமாகாது.

உள்நாட்டு மரம் சீக்கிரம் உளுத்துப்போகிறது என்ற குறை இந்தியாவில் பரவலாக எழுந்தது. அதனை மாற்ற, பால்டிக் கடற்கரையில் வளர்ந்த பைன் மரத்தை இங்கிலாந்திலே கிரியோசோட்டு எண்ணெய் ஊட்டிக் கப்பலேற்றி அனுப்பினர். கிண்ணம் கவிழ்த்தாற்போன்ற இரும்பு வார்ப்புகளையும் கட்டைக்குப் பதிலாக இட்டுப் பார்த்தனர். நம் நாட்டுப் பாலையும் இந்திய நாட்டுத் தேக்கும் சாலும் காட்டில் நிற்க, வட ஐரோப்பியப் பைன் ஏழு கடல் தாண்டி வந்து வெயிலில் கிடந்தது! ஆயினும் இதனை வெறும் மூடத்தனம் என்று ஒதுக்கிவிடலாகாது. உள்நாட்டில் மென்மரமும் வன்மரமும் கலந்து, பச்சையாகவே வந்த கட்டைகளைப் பார்த்துச் சலித்த பொறியியலாளர், ஒரே தரமாய் வந்திறங்கிய பைனைக் கண்டு நிம்மதியடைந்ததில் வியப்பில்லை. குறை மரத்தில் இருக்கவில்லை. கொந்தராத்து முறையில் இருந்தது. காட்டை யாரும் காக்கவில்லை. எந்த மரம் எப்போது வெட்டப்பட வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை.

இலங்கையில் அவ்விதி பிறந்தது சற்றுத் தாமதித்தே. 1882 இல் வின்சென்ட் என்ற காட்டதிகாரி இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்டு, இலங்கைக் காடுகளின் நிருவாகத்தைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதையடுத்து 1885 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் காட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. காட்டு இலாகா ஒழுங்காக அமைந்தபின் புகையிரதப் பகுதிக்குக் கட்டை கொடுப்பது அதன் பெரிய கடமைகளுள் ஒன்றாயிற்று. குருநாகலிலிருந்து வடக்கே வன்னிக் காட்டை ஊடறுத்துச் சென்ற பாதை 1905 ஆகத்து முதலாந் தேதி முழுமையாகத் திறக்கப்பட்டு, யாழ்ப்பாணமும் காங்கேசன்துறையும் கொழும்போடு இணைந்தன. விற்பவரும் அரசாங்கம், வாங்குபவரும் அரசாங்கம். ஆயினும் காட்டு இலாகாவின் வரவு புகையிரதப் பகுதியின் செலவு அல்லவா? ஒரு வீட்டில் இரு மருமக்கள் போலத்தான் அவ்விரு இலாகாக்களும். அதற்கிடையே, தலைமுறை தலைமுறையாய் அக்காட்டிலே விறகும் தேனும் ஏருக்கு மரமும் எடுத்து வந்த குடியானவன், இனி அனுமதிச்சீட்டு இன்றிக் காட்டில் கோடரியோடு நிற்கலாகாது என்ற நிலை வந்தது. பாலை மரம் சிலிப்பராகும் தகுதி பெற்றபோது அடம்பன் பக்கத்து உழவனுக்கு அது அயல் மரமாயிற்று.

கட்டையாவது காட்டில் கிடைத்தது. இரும்போ முழுவதும் கடல் கடந்தே வந்தது. கொழும்பு மருதானையிலே புகையிரதப் பட்டறை இருந்தது. இயந்திரங்களைப் பழுது பார்ப்பதும் பெட்டிகளைக் கட்டுவதும் அங்கேதான். இலங்கையின் முதல் இயந்திரங்கள் 1864 இல் லீட்ஸ் நகரத்துக் கிற்சன் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. அவற்றுக்கு ஒரு சில்லோ, ஒரு கொதிகலக் குழாயோ, ஒரு பெட்டி மரையாணியோ வேண்டுமென்றால் என்ன செய்வது? களஞ்சியப் பொறுப்பாளர் தேவைப் பட்டியல் எழுதுவார். அது செயலகத்துக்கு ஏறி, அங்கிருந்து கப்பலேறி, இலண்டனிலுள்ள முடிக்குரிய முகவர்களிடம் போய்ச் சேரும். 1833 இல் ஏற்பட்ட அம்முகவர் அலுவலகம், முடியாட்சிக்கு உட்பட்ட குடியேற்ற நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான வாங்குமிடம். அவர்கள் ஓர் ஆலையைத் தெரிந்து கட்டளை கொடுப்பர். பார்வையிடும் பொறியியலாளர் பொருளைச் சோதிப்பார். பின்னர் அது கப்பலேறும். மருதானையிலே ஓர் இயந்திரம் குழாய் இன்றிக் கொட்டகையில் நிற்க, அக்குழாய்க்கான கடிதம் செங்கடலைக் கடந்துகொண்டிருக்கும்.

இம்முகவர்கள் மேல் எழுந்த குறைகள் மூன்று விதமானவை. யாவரும் அறியக் கேள்விப்பத்திரம் கோராமல், தங்கள் பட்டியலில் உள்ள ஆலைகளை மாத்திரம் அழைத்தனர் என்பது முதலாவது. தாமதம் இரண்டாவது. மூன்றாவது, குடியேற்ற நாடுகளில் இருந்த வியாபாரிகளின் குறை. தங்கள் வாயிலாக வாங்கக் கூடிய பொருளையும் இலண்டனுக்கே எழுதி வரவழைக்கின்றனர் என்று அவர்கள் முறையிட்டனர். முறைப்பாடுகள் பெருகவே, 1908 இல் இவ்வலுவலகத்தின் நடைமுறையை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு அறிக்கை வெளியாயிற்று. அலுவலகம் தொடர்ந்தது. அதற்குரிய காரணம் வெளிப்படை. நாடு கடன் வாங்க விரும்பினால் இலண்டன் சந்தையில் கடன் பத்திரம் வெளியிட்டுக் கொடுத்தவரும் இதே முகவர்களே. கடனைத் திரட்டிய கையே தண்டவாளத்தையும் வாங்கிற்று. கடன் வேண்டும், ஆனால் சாமானை நானே பார்த்து வாங்குவேன் என்று சொல்லும் துணிவு குடியேற்ற நாட்டுக்கு எங்கிருந்து வரும்?

ஆலைகளுக்கிடையே நிகழ்ந்த போட்டியும் சுவையானது. 1900 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பிரித்தானிய ஆலைகளில் வேலை நிரம்பிக் கிடந்தது. இந்தியப் புகையிரதங்கள் ஜெர்மானியரிடமும் அமெரிக்கரிடமும் இயந்திரங்கள் வாங்கின. விலையும் குறைவு, நாளும் குறைவு. பர்மாவின் கோக்டெயிக் பள்ளத்தாக்கின் மீது அமைந்த பெரும் பாலத்தை அமெரிக்கப் பென்சில்வேனியா உருக்குக் கொம்பனியார் கட்டினர். பிரித்தானிய ஆட்சியின் பணத்தை அந்நியனுக்குக் கொடுப்பதா என்று இங்கிலாந்தில் பத்திரிகைகள் பொருமின. அந்நியன் என்று அவர்கள் சொன்னது அமெரிக்கனை. அப்பணம் யாருடையது என்பது பலருக்கு நினைவில் வரவில்லை! இதன் விளைவாக ஒரு நன்மையும் நிகழ்ந்தது. 1903 முதலாக இந்தியப் புகையிரதங்களுக்குப் பொதுவான இயந்திர மாதிரிகள் வகுக்கப்பட்டன. ஓர் ஆலையின் உறுப்பு இன்னோர் ஆலையின் இயந்திரத்துக்கும் பொருந்தும் நிலை உருவாகத் தொடங்கியது.

நமக்கு எதிர்க்கரையில் எழுந்த பாம்பன் பாலத்திலும் இப்போட்டியின் சாயல் உண்டு. 1914 பெப்ரவரியில் திறக்கப்பட்ட அப்பாலத்தின் நடுவே கப்பலுக்கு வழிவிட்டு மேலெழும் பகுதி, சிக்காக்கோவைச் சேர்ந்த செர்சர் கொம்பனியின் அமைப்பு. அதற்குரிய இரும்பை வார்த்துப் பொருத்தியது இங்கிலாந்தின் ஹெட் றைற்சன் ஆலை. மூளை அமெரிக்காவுக்கு, கூலி இங்கிலாந்துக்கு. தென்னிந்தியப் புகையிரதக் கொம்பனியின் பாதை அப்பாலத்தைக் கடந்து தனுஷ்கோடி வரை வந்தது. அங்கிருந்து இருபத்திரண்டு மைல் அளவான கடலைக் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்னும் நீராவிக் கப்பல்கள் கடந்தன. இக்கரையில் அதே 1914 இல் தலைமன்னார்ப் பாதை திறந்தது. ஆனால் அக்கரைப் பாதை மீற்றர் அகலம். இக்கரைப் பாதை ஐந்தடி ஆறங்குலம். நாகப்பட்டினத்துப் பட்டறையில் ஒரு சில் மிகுந்து கிடந்தாலும் அது தலைமன்னாருக்கு உதவாது. இரு கரையாரும் இலண்டனுக்கே தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தனர்.

நாகப்பட்டினத்துப் பட்டறையைச் சொன்னோம். அது 1920களின் பிற்பகுதியில் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்கு மாறிற்று. ஆட்குறைப்பை எதிர்த்து 1928 இல் நிகழ்ந்த பெரிய வேலைநிறுத்தமும் சிங்காரவேலர் சிறை சென்றதும் தனி வரலாறு. களஞ்சியக் கணக்கில் இரும்புக்கும் கரிக்கும் விலை குறைக்க முடியாதபோது, கூலியிலே கத்தி வைப்பது நிருவாகத்துக்கு எளிதாயிருந்தது என்பதை மாத்திரம் இங்கே குறிப்பிட்டு மேலே செல்வோம்.

உள்நாட்டுப் பொருளை வாங்குங்கள் என்ற சொல் இந்தியாவில் புதியதன்று. ரிப்பன் பிரபு காலத்திலேயே, 1883 இல், உள்நாட்டில் செய்த பொருள் தரமும் விலையும் ஒத்திருந்தால் அதனையே வாங்கலாம் என்ற தீர்மானம் வெளியாயிற்று. சொல் இருந்தது, செயல் மெலிந்தது. கேள்விப்பத்திரம் இலண்டனில் அழைக்கப்பட்டால், கல்கத்தாவில் உலை வைத்திருப்பவன் எப்படிப் போட்டியிடுவான்? 1916 முதல் 1918 வரை விசாரணை நடத்திய இந்தியக் கைத்தொழில் ஆணைக்குழு இக்குறையை ஏற்றுக்கொண்டது. அதன் பயனாக 1922 இல் இந்தியக் களஞ்சிய இலாகா தோன்றியது.

ஆனால் வாக்குறுதியை நம்பி ஏமாந்தவர் கதையும் அதே ஆண்டுகளில்தான் நிகழ்ந்தது. 1921 இல் இந்திய அரசாங்கம், இனி ஆண்டுதோறும் புகையிரத இயந்திரங்களுக்கு இந்தியாவிலேயே கேள்விப்பத்திரம் கோரப்படும் என அறிவித்தது. அதனை நம்பி ஜம்ஷெட்பூருக்கு அருகே பெனின்சுலர் இயந்திரக் கொம்பனி என்ற ஆலை எழுந்தது. ஆலை எழுந்தது, கட்டளை வரவில்லை. பாதுகாப்புக் கேட்டு அவர்கள் தீர்வை வாரியத்திடம் சென்றபோது, ஓர் ஆலை இலாபத்தோடு நடக்க ஆண்டுக்கு இருநூறு இயந்திரம் அளவிலாவது சந்தை வேண்டும், நாட்டின் தேவை அவ்வளவு இல்லை என்று 1924 இல் வாரியம் கையை விரித்தது. இறுதியில் அரசாங்கமே அவ்வாலையை வாங்கிக் கிழக்கிந்தியப் புகையிரதத்தின் பெட்டிப் பட்டறையாக்கிற்று. இந்தியனால் இயந்திரம் செய்ய முடியாது என்பதாலா இப்படி நேர்ந்தது? அன்று. அஜ்மீர்ப் பட்டறையில் 1895 இலேயே ஓர் இயந்திரம் முழுமையாகச் செய்து ஓட்டிக் காட்டினார்கள். கை இருந்தது, கருவி இருந்தது. கட்டளைச் சீட்டு மாத்திரம் இல்லை. 1945 இல் அதே இடத்தைத் தாத்தா நிறுவனத்தார் வாங்கி இயந்திரம் செய்யத் தொடங்கினர்.

இனி எஞ்சியது கரி. அதில் நம் கொழும்புக்கும் நேரான பங்கு உண்டு. வங்காளத்து நிலக்கரி கல்கத்தாவில் கப்பலேறிக் கொழும்புக்கு வந்தது. முதல் உலகப் போருக்குப் பின் இந்தியாவிலேயே கரித் தட்டுப்பாடு ஏற்பட, 1920 முதல் ஏற்றுமதிக்குத் தடை போட்டனர். 1923 இல் தடை நீங்கியபோது கொழும்புச் சந்தையில் தென்னாபிரிக்க நேட்டால் கரி அமர்ந்திருந்தது. அந்நாட்டார் துறைமுகத்துக்குக் கரி கொண்டுவரும் புகையிரதக் கட்டணத்தில் சலுகை கொடுத்ததோடு, தரம் பார்த்துச் சான்றும் கொடுத்தனர். இந்தியக் கரியின் மேலிருந்த பெரிய குறை அது ஒரே தரமாய் வராமையே. மேலே நல்ல கரி. கீழே கல்லும் தூளும். நீராவி இயந்திரத்தில் அதன் விளைவு என்ன தெரியுமா? சாம்பல் மிகுந்த கரி தணலில் உருகிக் கட்டியாய் இறுகும். காற்றோட்டம் அடைபடும். அமுக்கம் இறங்கும். ஏற்றத்தில் வண்டி திணறும். நெருப்புத் தள்ளும் தொழிலாளி நீண்ட இரும்புக் கோலால் அக்கட்டியைக் குத்தி உடைத்துக்கொண்டே, வழக்கத்திலும் மிகுதியாய் மண்வெட்டியை வீச வேண்டும். வண்டி பிந்தினால் விளக்கம் கேட்கப்படுபவன் அவனும் சாரதியுமே. கரிக் கொந்தராத்தில் கையெழுத்திட்டவர் அல்லர்.

1924 இல் சேர் பிராங்க் நோய்ஸ் தலைமையில் இந்தியக் கரிக் குழு கூடி ஆராய்ந்தது. அதன் அறிக்கையை ஒட்டி 1925 இல் கரித் தர வாரியச் சட்டம் பிறந்தது. சாம்பல் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று அளந்து, வகை வகுத்து, ஏற்றுமதிக் கரிக்குச் சான்றிதழ் கொடுக்கும் முறை வந்தது. மற்றெல்லா வழக்குகளையும் விட இதனையே நான் பெரிதாக மதிக்கிறேன். இங்கே யாரும் நம் நாட்டுக் கரி என்று உரிமை பேசிப் பயனில்லை. வாங்குவோன் கையிற் பொருள் வந்து சேருமுன் ஒருவன் நின்று அதனை அளக்க வேண்டும், அவ்வளவுதான். பாலைக் கட்டையிலே முன்பு வாய்க்காத ஒழுங்கு கரியிலே வாய்த்தது.

மீண்டும் அடம்பனுக்குத் திரும்புவோம். 1964 டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. 1990 இல் போர் மூண்டு தலைமன்னார்ப் பாதை மூடப்பட்டது. வடபகுதிப் பாதைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. பாலை மரத்தின் உறுதியை அக்காலத்தில் அறிந்தவர்கள் பொறியியலாளர் மாத்திரம் அல்லர்.

போர் முடிந்தபின் இப்பாதையை மீளமைத்தது இந்திய அரசின் இர்கோன் நிறுவனம். மடு வரை 2013 இலும், தலைமன்னார் இறங்குதுறை வரை 2015 மார்ச்சு 14 ஆந் தேதியும் வண்டி ஓடத் தொடங்கியது. வேலைக்குப் பணம் இந்தியா கொடுத்த கடன். அத்தகைய கடனில் பெரும்பகுதிப் பொருளையும் சேவையையும் கடன் கொடுத்த நாட்டிலேயே பெற வேண்டும் என்பது பொது விதி. முடிக்குரிய முகவர்கள் காலத்து விதியை அறிந்தவர்க்கு இது புதிதாய்த் தோன்றாது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. இன்று உடன்படிக்கையில் கையெழுத்திடுவது நம் நாட்டின் அரசு. விலையையும் தரத்தையும் பற்றிக் கேட்க வேண்டுமாயின் கேட்பதற்குக் கொழும்பிலே பாராளுமன்றம் இருக்கிறது. கடிதம் செங்கடலைத் தாண்ட வேண்டுவதில்லை.

புதிய பாதையில் இட்டவை கொங்கிறீற்றுக் கட்டைகள். பாலை மரங்கள் காட்டிலேயே நிற்கின்றன.